மட்டக்களப்பு ரயில் நிலையமும் அதன் அயலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலையத்தில் இஞ்சின் ஊதினால் வீட்டு முற்றத்தில் கேட்கும் தூரத்தில் வளர்ந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, கொழும்பு நண்பர்களும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மருமக்களும் ரயில் பற்றிய கேள்விகளை என்னிடமே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றில் எனக்கு வாய் நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு நகருக்குள் இலகு ரயில் ஓடுகிறதா?

இல்லை. இலங்கையின் எந்த நகரிலும் இன்று ஓடவில்லை. கொழும்பில் கோட்டைக்கும் மாலபேக்கும் இடையே ஓடவிருந்த ஒன்று 2019இல் ஜப்பானியக் கடன் ஒப்பந்தம் வரை வந்து, 2020இல் கைவிடப்பட்டது.

ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. 1920களில் காட்டை வெட்டி எங்கள் பாதையைப் போட்டபோது, அதற்கு வைத்த பெயரே மட்டக்களப்பு–திருகோணமலை இலகு ரயில் பாதை என்பதுதான். அந்த ‘இலகு’ வேறு. நகரத்துக்குள் நிமிடத்துக்கு ஒன்றாக ஓடும் பெட்டிகளை அது குறிக்கவில்லை. அதிகம் ரயில் ஓடாத வறண்ட நாட்டுக்குக் குறைந்த செலவில் போட்ட பாதை என்றே பொருள். தண்டவாளங்களின் இடைவெளி மட்டும் நாட்டின் மற்றப் பாதைகளைப் போலவே 1676 மில்லிமீற்றர். கொழும்பில் ஏறினால் இங்கே இறங்கும் வரை பெட்டி மாறத் தேவையில்லாமல் இருப்பது அதனால்தான்.

நிலையம் நகரின் எந்தப் பக்கம்?

பழைய நகரம் புளியந்தீவு. வாவி சுற்றி வளைத்த சிறு தீவு அது. அங்கிருந்து பாலம் கடந்தால் கோட்டைமுனை. நிலையம் அதற்கும் வடக்கே, கூழாவடிப் பக்கம். பலகையில் ‘புகையிரத நிலையம்’ என்று எழுதியிருக்கும். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னாலும் அழைத்துப் போவார். ‘ஸ்டேசன்’ என்றால் சற்று விரைவாகப் புரியும்.

எந்தெந்த ரயில்கள் வருகின்றன? எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கொழும்புக் கோட்டையிலிருந்து சுமார் 350 கிலோமீற்றர். எட்டு, ஒன்பது மணிநேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காத்திருப்பவர்களிடம் பத்து என்று சொல்லிவிடுங்கள். மாகோவில் வடக்குப் பாதையை விட்டுக் கிழக்கே திரும்பி, கல்ஓயாச் சந்தியில் திருகோணமலைப் பாதையைப் பிரிந்து, பொலன்னறுவை வழியாக வருகிறது.

பெயர்கள் மூன்றை நினைவில் வைத்திருந்தால் போதும். பகல் ரயில் உதயதேவி. புலதிசியின் பெயர் பொலன்னறுவையின் பழம்பெயரிலிருந்து வந்தது. மீனகயா என்றால் சிங்களத்தில் மீனின் பாட்டு. ‘மீன் பாடும் தேன்நாடு’ என்று நாங்கள் சொல்லிக்கொள்வதைத் தெற்கிலிருந்து வந்த ஒரு பெயர்ப்பலகையும் ஒப்புக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

நேர அட்டவணையை இங்கே எழுதமாட்டேன். அண்மைக் காலத்தில் அது மாறிய வேகத்துக்கு நான் எழுதுவது ஒரு மாதம்கூடத் தாங்காது. 1971 என்ற ரயில்வே இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

முற்பதிவு அவசியமா?

வெள்ளிக்கிழமையும் நீண்ட விடுமுறைக்கு முந்திய நாளும் கட்டாயம். சித்திரை வருடப்பிறப்பு, தைப்பொங்கல், இரண்டு பெருநாள்கள், நத்தார் என எல்லா மதத்தவரும் ஊர் திரும்பும் பாதை இது. நெரிசலில்லாத பண்டிகை என்று ஒன்று இங்கே கிடையாது. மற்ற நாள்களில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் எடுத்து, மேடையில் முண்டியடிக்கும் உடல்வலு இருந்தால் சமாளிக்கலாம். எனக்கு அந்த வயது போய்விட்டது.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

பகலில் கொழும்பிலிருந்து வருவதானால் இடப்பக்கம். காலையில் வடக்கே போகும்போது வெயில் வலப்பக்க யன்னலில் அடிக்கும். கல்ஓயா தாண்டித் தென்கிழக்கே திரும்பிய பிறகு பிற்பகல் வெயிலும் வலப்பக்கமே. நாள் முழுவதும் இடப்பக்கத்தில் நிழல். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு கடலை வியாபாரி.

கடல் தெரியும் என்று நம்பி வருபவர்கள் ஏமாறுவார்கள். இது கரையோரப் பாதை அல்ல. ஹிங்குராக்கொட வயல்கள், பிறகு கதுருவெல. பொலன்னறுவை நிலையம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது. அதன்பின் மனம்பிட்டியில் மகாவலி. பழைய இரும்புப் பாலத்தை இப்போது ரயில் மட்டும் பயன்படுத்துகிறது. 2007இல் வீதிக்குத் தனிப் பாலம் திறக்கும் வரை பஸ், லொறி, ரயில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். ஓட்டமாவடியிலும் இதே கதை. பஸ்ஸில் போனவர்கள் பாலத்தடியில் காத்து நிற்க, ரயிலில் போனவர்கள் யன்னலால் கையசைத்துக் கடந்த காலத்தை என் வயதுக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதைப் பொறுத்து நினைவின் சுவை மாறும்.

வெலிக்கந்தை தாண்டினால் புணானை. 1924இல் வேட்டைக்காரர் ஷெல்டன் ஏகார் சுட்ட ஆட்கொல்லிச் சிறுத்தை இந்தக் காட்டுக்குரியது. பதப்படுத்தப்பட்ட அதன் உடலைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ரயிலில் பிள்ளைகள் அழத் தொடங்கும் இடமும் ஏறத்தாழ இதுதான். சிறுத்தைக் கதையைச் சொன்னால் அழுகை நிற்கும், அல்லது கூடும்.

பிறகு கடதாசி நகர். 1950களில் எழுந்த காகித ஆலை அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்தது. வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் என்று வரும்போது காட்டின் பச்சை விட்டுப்போய்ப் பனையும் தென்னையும் தொடங்கும். மணல் வெண்மையாகும். பாசிக்குடாக் கடற்கரைக்குப் போகிறவர்கள் கல்குடாவில் இறங்கினால் இன்னும் கிட்ட. மட்டக்களப்பு வரை வந்து திரும்பிப் போவது வீண் அலைச்சல்.

இரவு ரயில்களின் நேரத்தை ஏன் மாற்றினார்கள்?

யானைகளுக்காக. 2025 பெப்ரவரி 20 அதிகாலை, இங்கிருந்து கொழும்பு நோக்கிப் போன மீனகயா, கல்ஓயாவுக்கும் மின்னேரியாவுக்கும் இடைப்பட்ட காட்டில் ஒரு யானைக் கூட்டத்தின்மீது மோதியது. ஆறு யானைகள் உயிரிழந்தன, ரயில் தடம் புரண்டது, பயணிகளுக்கு ஒன்றுமில்லை. 2018 செப்டெம்பரிலும் 2024 ஒக்டோபரிலும் மட்டக்களப்புப் பாதையின் எரிபொருள் ரயில்கள் அதே காட்டுப்பகுதியில் யானைகளை மோதியிருந்தன. கூட்டமாக யானைகள் தண்டவாளம் கடக்கும் நேரத்தில் அங்கே ரயில் போகாதபடி அட்டவணையை நகர்த்துவதும், அந்தத் துண்டில் வேகத்தைக் குறைப்பதும் பிறகு வந்த ஏற்பாடுகள்.

‘ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது’ என்று நள்ளிரவில் அலுத்துக்கொள்ளும் மருமகனுக்கு நான் சொல்வது: நீ அவற்றின் வீட்டு நடையால் போய்க்கொண்டிருக்கிறாய்.

நிலையத்திலிருந்து நகருக்கு எப்படிப் போவது?

வெளியே வந்ததும் ஆட்டோக்கள் நிற்கும். ஏறுவதற்கு முன் விலை பேசுங்கள். ஒருமுறை பயணக் களைப்பில் பேசாமல் ஏறி, என் சொந்த ஊரிலேயே வெளியூர்க்காரன் கட்டணம் கொடுத்தேன். உச்சரிப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அந்த ஓட்டுநர் வெட்கப்பட்டாரே தவிர, பணம் திரும்பவில்லை.

சுமை குறைவென்றால் நடங்கள். நான் எல்லோருக்கும் கொடுக்கும் ஆலோசனை இதுவே. அதிகாலையில் வந்திறங்கி, கோட்டைமுனைப் பக்கம் நடந்து, பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தால் இந்த ஊரின் அமைப்பு ஒரே பார்வையில் பிடிபடும். வத்தையில் நின்று வலை வீசுபவர், மணிக்கூட்டுக் கோபுரம், காந்தி பூங்கா, அப்பால் 1628இல் போர்த்துக்கேயர் கட்டிப் பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை. அதன் மதில்களுக்குள் நீண்ட காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், இயங்கியது. பீரங்கி நின்ற இடத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் நின்ற ஊர் இது. 1814இல் வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார் தொடக்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியும் அந்தச் சுற்றில்தான்.

ஆட்டோவில் போனால் இதெல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நிலையத்தைச் சுற்றிய அயல் எப்படிப்பட்டது?

சுற்றுலாப் பயணிக்குக் காட்ட ஒன்றுமில்லை என்று சிலர் சொல்வார்கள். ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டு போங்கள்: கூழாவடி, தாமரைக்கேணி, கறுவப்பங்கேணி, புன்னைச்சோலை. மரத்தடி, கேணி, சோலை. தண்டவாளம் வருவதற்கு முன் இங்கே நிலம் எப்படி இருந்தது என்பதை இந்தப் பெயர்கள் பிடித்து வைத்திருக்கின்றன. இப்போது கேணியை விட மதில்களே அதிகம். ஆனாலும் வளவுக்கு ஒரு கிணறு, ஒரு மா, இரண்டு தென்னை என்ற கணக்கு இன்னும் பெரிதாகக் கெடவில்லை.

இது கடைசி நிலையம் என்பது அயலின் குணத்தையே மாற்றிவிட்டது. பொலன்னறுவையிலோ மாகோவிலோ ரயில் நின்று போகும். மேடையில் பாதிப் பேர் வேறெங்கோ போகிறவர்கள். இங்கே யாரும் கடந்து போவதில்லை. வந்து சேர்கிறார்கள், அல்லது விட்டுப் போகிறார்கள். அதனால் ரயில் வரும் அரை மணிநேரம் தெரு முழுவதும் விழித்திருக்கும்; மற்ற நேரம் மேடையில் ஆடு படுத்திருக்கும். எங்கள் அம்மாவுக்குக் காலை ரயில்தான் மணிக்கூடு. அது பிந்திய நாள்களில் எங்கள் இடியப்பமும் பிந்தியது.

மாலையில் ஒரு தடவை போய் நில்லுங்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கயிறு கட்டிய பெட்டி. கொழும்பு வைத்தியசாலையில் நாள் குறித்த முதியவருக்குத் தலையணை. கடவுச்சீட்டு அலுவலுக்குப் போகும் இளைஞனின் கையில் பிளாஸ்டிக் கோப்பு. ஒரு ஆளை ஏற்றிவிட ஏழு பேர் வந்திருப்பார்கள். ரயில் நகர்ந்த பிறகும் அவர்கள் உடனே கலைய மாட்டார்கள்.

போர்க்காலத்தில் ரயில் ஓடியதா?

விட்டு விட்டு ஓடியது; பிறகு பல ஆண்டுகள் மட்டக்களப்பு வரை வரவேயில்லை. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகே மீண்டும் வந்தது. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், தண்டவாளத்தை மாடு கட்டும் இடமாக மட்டுமே அறிந்திருந்தவர்கள், முதல் ரயிலைப் பார்க்கப் பள்ளிச் சீருடையோடு ஓடினார்கள்.

கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் போகலாமா?

பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில். தண்டவாளமும் அவ்வழியேதான் போகிறது. ஆனால் உங்கள் விரிவுரை நேரத்துக்கு ரயில் இல்லை. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்வேன்.

வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு வரை வரைபடத்தைப் பாருங்கள். வாழைச்சேனை, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், மட்டக்களப்பு. சந்தை, பல்கலைக்கழகம், பாடசாலைகள், போதனா வைத்தியசாலை, எல்லாம் ஒரே கோட்டில். தமிழரும் முஸ்லிம்களும் தினமும் ஒரே பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கிப் போய்வரும் கோடு அது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தண்டவாளம் நாளின் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று இரு பெட்டி கொண்ட சிறு ரயில் விட்டால் போதும். புதிதாக நிலம் எடுக்கத் தேவையில்லை, தூண் எழுப்பத் தேவையில்லை. ஒற்றைப் பாதை, எதிரே வரும் ரயிலுக்கு ஒதுங்க வேண்டும் என்பார்கள். உண்மைதான். ஆனால் நாளுக்குச் சில ரயில்களே ஓடும் பாதையில் ஒதுங்குவது அவ்வளவு பெரிய வித்தை அல்ல.

எங்கள் ரயில் முழுவதும் கொழும்புக்காகவே ஓடுகிறது. ஊருக்குள் ஓடுவதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. இலகு ரயில் உண்டா என்று கேட்பவர்களிடம் நான் சிரிக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைக்கு ரயில் உண்டா?

இல்லை. மட்டக்களப்போடு தண்டவாளம் முடிகிறது. அம்பாறை மாவட்டத்தில் ஒரு ரயில் நிலையம்கூடக் கிடையாது. பொத்துவில் வரை நீட்டும் பேச்சைத் தேர்தல் காலங்களில் கேட்கலாம். அதுவரை பஸ்தான். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி தாண்டிக் கல்முனைக்கு 40 கிலோமீற்றர் அளவு. ரயிலிலிருந்து இறங்கி நேரே பஸ் நிலையத்துக்கு ஆட்டோ பிடியுங்கள். இரவு வெகுநேரம் சென்று வந்தால், தெற்கே போகும் பஸ் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள்.

திருகோணமலைக்கு?

ஒரே கரையில் இருக்கும் இரண்டு ஊர்கள். ஆனால் ரயிலில் போக மேற்கே கல்ஓயா வரை போய், அங்கே மாறி, மறுபடி கிழக்கே வர வேண்டும். மூக்கைத் தலையைச் சுற்றித் தொடும் வேலை. வாகரை, வெருகல், மூதூர் வழியாக பஸ்ஸில் போங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அங்கே மிதவைக்குக் காத்திருக்கும் தொல்லையும் இல்லை.

மீன் பாடுவதைக் கேட்க முடியுமா?

கல்லடிப் பாலத்துக்குப் போங்கள். 1924இல் ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் திறந்த பழைய இரும்புப் பாலம். பக்கத்தில் 2013இல் வந்த புதியது. வரண்ட மாதங்களில் பூரணை இரவு, காற்று அடங்கிய பிறகு, படகில் பாலத்தடிக்குப் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காது வைத்தால், நரம்பை மீட்டியது போன்ற ஒலி வரும் என்பார்கள். மீனல்ல, ஊரி என்னும் சிறு சங்கு என்று சொல்வாரும் உண்டு. நான் மூன்று தடவை முயன்றிருக்கிறேன். ஒரு தடவை கேட்டது. மற்ற இரண்டு தடவையும் பாலத்துக்கு மேலே மோட்டார் சைக்கிள்கள்தான் பாடின.

மாரி காலத்தில் வரலாமா?

கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று. வெள்ளம் தண்டவாளத்தை மூடினால் சேவை பொலன்னறுவையோடு நிற்கலாம். புறப்படும் நாள் காலையில் விசாரித்துவிட்டு வாருங்கள். ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு வருவதே நல்லது. வெயில் இருக்கும், ஆனால் பாதை இருக்கும்.

சாப்பாடு?

ரயிலில் வடை, கடலை, தேநீர் வரும். நகருக்குள் போய் இடியப்பமும் சொதியும், மத்தியானமானால் வாவி நண்டோ இறாலோ சாப்பிடுங்கள். திரும்பும்போது எருமைத் தயிர்ச் சட்டி வாங்குகிறவர்கள் அதை மேலே தட்டில் வைக்காதீர்கள். மனம்பிட்டி வளைவில் கீழே இருந்தவரின் வெள்ளைச் சட்டைக்கு என்ன ஆனது என்பதை நான் நேரில் பார்த்தேன். அந்தச் சட்டி என்னுடையது அல்ல என்று இன்றுவரை சாதிக்கிறேன்.

இரவு ரயிலில் தூங்கிவிட்டால் நிலையத்தைத் தவறவிடுவேனா?

தவறவிட முடியாது. இதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. இஞ்சினைக் கழற்றும்போது பெட்டி ஒருமுறை குலுங்கும். அதிலும் எழும்பாவிட்டால், துடைப்பத்தோடு ஏறுபவர் தோளில் தட்டுவார். செருப்பை மட்டும் இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.